அடுக்களையின்மேல் சுமத்தப்பட்ட பழி

பிள்ளைப்பேறு வாய்க்காத தம்பதியர் இக்காலத்தில் பெருகிவிட்டார்கள் என்றும், அதற்கு மூலகாரணம் இன்றைய ஆகாரமும் வாழ்க்கை முறையுமே என்றும், பரோட்டாவையும் பிராய்லர் கோழியையும் விலக்கி, முன்னோர் உண்ட கம்பங்கூழுக்கும் உளுந்தங்களிக்கும் திரும்பி, இரவில் நேரத்தோடு படுத்து வைகறையில் எழுந்துவிட்டால் வீட்டில் தொட்டில் தானே ஆடும் என்றும் ஓர் அபிப்பிராயம் நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. காலை நேரத் தொலைக்காட்சியில் அதைக் கேட்கிறோம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அதையே சொல்கிறார். மரச்செக்கு எண்ணெய் விற்கும் கடையில் அது துண்டுப் பிரசுரமாகக் கிடைக்கிறது. படித்தவர், படியாதவர், ஆங்கில வைத்தியத்தை நம்புகிறவர், நம்பாதவர் என்ற பேதமின்றி யாவரும் ஏற்றுக்கொண்ட சித்தாந்தம் ஒன்று இன்று உண்டென்றால் அது இதுவே. யாவரும் ஏற்றுக்கொண்ட காரணத்தாலேயே அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. பரிசீலித்துப் பார்த்த அளவில், அதன் பெரும்பகுதி பிழை என்றும், பிழை என்பதோடு நில்லாமல் அது பெண்களுக்கு இழைக்கப்படும் அநியாயம் என்றும் நான் துணிந்திருக்கிறேன்; அந்தத் துணிவுக்குரிய காரணங்களை இங்கே எடுத்துரைப்பதே என் நோக்கம்.

நான் வாழும் திருநின்றவூர் இவ்விஷயத்தை ஆராய்வதற்கு ஏற்ற ஊர். பக்தவத்சலப் பெருமாள் சந்நிதியும், பூசலார் நாயனார் மனத்திலே எழுப்பிய ஆலயத்தின் நினைவாக விளங்கும் இருதயாலீசுவரர் கோயிலும் அதன் பழமைக்குச் சாட்சி. மேற்கே காக்களூர், கிழக்கே அம்பத்தூர், தெற்கே ஸ்ரீபெரும்புதூர், வடகிழக்கே கும்மிடிப்பூண்டி என்று சுற்றிலும் எழுந்த தொழிற்பேட்டைகளுக்கு ஆள் அனுப்பும் ஊர் என்பது அதன் இன்றைய நிலை. விடிவதற்கு முன்பே கம்பெனி வேன்கள் தெருமுனையில் வந்து நிற்கின்றன; இரவு ஷிஃப்ட் முடித்த பெண்கள் அதே வேன்களிலிருந்து கண் எரிச்சலோடு இறங்குகிறார்கள். புதிதாக மணமுடித்து இங்கே குடிவந்த பெண்ணிடம் ஆறு மாதம் கழியுமுன்னரே, "விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற விசாரணை தொடங்குகிறது. ஓராண்டு சென்றால், "வயித்துல பூச்சி புழு ஏதாவது உண்டா?" என்று அது மாறும். இரண்டாம் ஆண்டில் விசாரணை நின்று உபதேசம் பிறக்கும்: என்ன சாப்பிடுகிறாய், ஏன் நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிடுகிறாய், உடம்பு சூடாகாமல் என்ன செய்யும், வேலையை விட்டால் என்ன? இத்தனை உபதேசமும் அவள் ஒருத்திக்கே. அவள் கணவன் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருப்பான். அவனை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

இச்சித்தாந்தத்துக்கு அஸ்திவாரம், முன்னோர் காலத்தில் மலடு என்பது இல்லை அல்லது மிக அரிது என்ற நம்பிக்கை. இதற்குப் பிரமாணம் எங்கே இருக்கிறது? அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தவளைப் பற்றிய பழமொழி, துரித உணவுக் கடைகள் வந்த பிறகா பிறந்தது? கோயில் மரக்கிளைகளில் சிறு தொட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டவர்களும், தவமிருந்து பெற்ற பிள்ளைக்குத் தெய்வத்தின் பெயரையே சூட்டியவர்களும் எந்தக் காலத்தவர்? ஸ்வீகாரம் எடுப்பதற்குரிய விதிகளை நம் தர்மசாஸ்திரக்காரர்கள் அத்தனை நுட்பமாக வகுத்தது, அதற்குத் தேவை இல்லாத சமூகத்துக்காகவா? பஞ்சமும் கலப்படமும் அறியாததாகக் கவிகள் வருணிக்கும் கோசல நாட்டிலேயே, மூன்று தேவியரோடு வாழ்ந்த சக்கரவர்த்தி மகப்பேற்றுக்காக வேள்வி இயற்ற நேர்ந்தது என்றுதானே நம் தலையாய காவியம் தொடங்குகிறது! இவற்றைவிடக் கொடிய சாட்சி ஒன்று உண்டு. சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் இருதார மணத்தைத் தடுக்கும்வரை, பிள்ளை இல்லை என்பதைக் காரணம் காட்டி இரண்டாம் தாரம் கொண்டுவருவது குற்றமாகக் கருதப்படவில்லை. முதல் தாரம் அதே வீட்டில், அடுத்தவள் பெற்ற பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, பெயரில்லாமல் மூப்படைந்தாள். அவளை எந்தக் கணக்கும் எண்ணவில்லை. எண்ணப்படாதவர்கள் இல்லாதவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

மலடு பெருகிவிட்டது என்பதற்கு ஆதாரமாகச் சிலர் குறைந்துவரும் பிறப்புகளைக் காட்டுகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள் என்பது மெய்தான். ஆனால் அது பெற விரும்பாமையின் கணக்கு. பெற இயலாமையின் கணக்கை அதிலிருந்து எடுக்க முடியாது. அதே ஆய்வு, இம்மாநிலத்தில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருப்பதையும், அச்சிகிச்சைக்கு உடன்பட்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறாததையும் காட்டுகிறது. அறுத்துக்கொண்டும் சிகிச்சை பெற்றும் குடும்பத்தின் அளவை நிர்ணயித்த பெண்களின் சரித்திரத்தை, நூடுல்ஸ் தின்று கெட்ட கருப்பைகளின் சரித்திரமாக மாற்றிச் சொல்வது எவ்வளவு பெரிய புரட்டு! பெற இயலாமையைத் தனியே அளந்த கணக்கு உலக சுகாதார நிறுவனத்துடையது. 2023 ஏப்ரலில் அது வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் வயதுவந்தோரில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் வாழ்நாளில் என்றேனும் இத்துன்பத்துக்கு ஆளாகிறார். செல்வ நாடுகளில் நூற்றுக்கு 17.8, மற்ற நாடுகளில் 16.5. உண்ணும் உணவிலும் உறங்கும் நேரத்திலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உள்ள நாடுகள் இத்துன்பத்தில் இவ்வளவு அருகருகே நிற்கின்றன என்றால், உணவே மூலகாரணம் என்ற வாதம் எப்படி நிற்கும்?

பிராய்லர் கோழியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். ஏனெனில் நம் மாவட்டத்துத் தேநீர்க் கடைகளில் இந்த வழக்கின் முதற்குற்றவாளி அதுவே. கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அந்த ஹார்மோன் பெண்ணின் கருப்பையைக் கெடுக்கிறது என்பது குற்றச்சாட்டு. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் குடலிலேயே சீரணமாகிவிடும். ஊசியாகப் போடுவதென்றால் பல்லடத்திலும் நாமக்கல்லிலும் ஒரே கொட்டகையில் வளரும் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் திரும்பத் திரும்பப் பிடித்துக் குத்த வேண்டும். கிலோவுக்குச் சில ரூபாய் லாபம் பார்க்கும் தொழிலில் அது நடக்கிற காரியமா? கோழி விரைந்து வளர்வதன் காரணம் அதன் வம்சத்திலேயே இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்து இனங்களை ஒரே தீவனம் கொடுத்து ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். ஐம்பத்தாறாம் நாளில் முதல் இனம் 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனம் சேர்த்ததன் பயன் அது. கோழிப்பண்ணையின் மெய்யான குற்றம் வேறொன்று: மனிதருக்குக் கடைசிப் புகலாக வைத்திருக்க வேண்டிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தீவனத்தில் கலந்தது. கொலிஸ்டின் என்ற மருந்தை அப்படிக் கலப்பதை 2019-இல் மத்திய அரசு தடைசெய்ய வேண்டி வந்தது. இந்த மெய்யான ஆபத்தைப் பேசுவோர் சிலர். இல்லாத ஹார்மோனைப் பேசுவோர் பல்லாயிரவர்.

அப்படியானால் உணவுக்கும் மகப்பேற்றுக்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு, அதை மறுப்பது என் கருத்தன்று. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்த 1876-78 பஞ்சத்தில், சென்னை மாகாணத்தில் மரணங்கள் மலைபோல் குவிந்ததோடு பிறப்புகளும் சரிந்தன. பட்டினியில் பெண்ணின் சரீரம் மாதவிடாயையே நிறுத்திக்கொள்கிறது. மறுபக்கம், நீர்க்கட்டி என்று நாம் வழங்கும் கோளாறுள்ள பெண்களுள் உடல் பருத்தவர்கள், எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே சிலருக்குக் கருமுட்டை மீண்டும் ஒழுங்காக வெளிப்படுகிறது. அமெரிக்கச் செவிலியர் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2007-இல் வெளிவந்த ஆராய்ச்சி, வனஸ்பதி முதலியவற்றில் உள்ள டிரான்ஸ் கொழுப்பை மிகுதியாக உண்டவர்களுக்குக் கருமுட்டை வெளிப்படாமையால் நேரும் மலடு அதிகம் என்று கண்டது. நம் நாட்டிலும் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேற்படக் கூடாது என்று விதித்துவிட்டார்கள். ஃபோலிக் அமிலம் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே உட்கொள்ளத் தக்கது. அது சிசுவின் தண்டுவடத்தைக் காப்பதற்காக. இவ்வளவும் மெய், இவற்றுக்கெல்லாம் எல்லையும் உண்டு. கருமுட்டை வெளிப்படாமை என்பது பல காரணங்களுள் ஒன்று. கருக்குழாய் அடைத்திருப்பவளுக்கும், கணவனிடம் விந்தணு இல்லாதவளுக்கும் இந்த ஆகார விதிகள் அணுவளவும் பயன்படா.

பயன்படாவிட்டாலும் தீங்கில்லையே, முயன்று பார்த்தால் என்ன நஷ்டம் என்பது எதிர்வாதிகளின் வலுவான வார்த்தை. நல்லெண்ணம் உள்ளவர்களும் இதையே சொல்வதால் நிதானித்து விடையளிக்க வேண்டும். நெதர்லாந்தில் இதையே சோதனையாக வைத்துப் பார்த்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். பருத்த உடலும் பிள்ளையின்மையும் உள்ள 577 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஆறு மாதம் உணவும் உடற்பயிற்சியும் திருத்திய பின்னரே சிகிச்சை என்றும், மறுபிரிவினருக்கு உடனே சிகிச்சை என்றும் வகுத்தார்கள். இரண்டாண்டுக்குள் குறைமாதமின்றி, சுகப்பிரசவத்தில், ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தையைப் பெற்றவர்கள் முதற்பிரிவில் நூற்றுக்கு 27. உடனே சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 35. திருந்திய பிரிவில் மருந்தின்றித் தாமே கருவுற்றவர்கள் சற்று அதிகம் என்பதை நான் மறைக்கவில்லை. ஆயினும் காத்திருந்ததன் விலை அதைவிட அதிகமாக இருந்தது. ஆண்களுக்கென்று விற்கப்படும் துத்தநாக, ஃபோலிக் அமில மாத்திரைகளின் கதையும் இதுவே. அமெரிக்காவில் 2,370 தம்பதியரை வைத்து நடத்தி 2020-இல் வெளியிட்ட சோதனையில், அவற்றை ஆறு மாதம் விழுங்கியவர்களுக்கும் வெற்று மாத்திரை விழுங்கியவர்களுக்கும் விந்தணுவின் தரத்திலோ பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையிலோ பேதம் காணப்படவில்லை. பெண்ணின் கருமுட்டைகள் பிறக்கும்போதே எண்ணி வைக்கப்பட்டவை. முப்பத்தைந்து வயதுக்குப் பின் அவை வேகமாகக் குறைகின்றன. அவளிடமிருந்து ஓராண்டைப் பறிப்பவன் திருப்பித் தர முடியாததைப் பறிக்கிறான்.

உணவா மருந்தா என்ற இதே வழக்கு, வேறொரு வியாதியைப் பற்றி, நம் சென்னையிலேயே ஒருமுறை விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் ஆயிற்று. அதை நம்மவர்கள் மறந்துபோனதுதான் எனக்குப் பெரிய வருத்தம். க்ஷயரோகிக்கு முட்டையும் பாலும் இறைச்சியும் பூரண ஓய்வும் நல்ல காற்றும் இன்றியமையாதவை என்று உலகம் முழுதும் நம்பியிருந்த காலம் அது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னை அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடிச் சேத்துப்பட்டில் ஒரு நிலையம் அமைத்தன. சென்னைச் சேரிகளைச் சேர்ந்த ஏழை நோயாளிகள் ஏறத்தாழ இருநூறு பேரைப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறுபாதியை அவரவர் குடிசையிலேயே இருக்கச் செய்து மருந்தை மட்டும் கொடுத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு வயிறு நிறைய நல்ல ஆகாரம். வீட்டில் இருந்தவர்களுக்கு அரைவயிற்றுச் சோறும், நெருக்கடியும், நாள்முழுதும் உழைப்பும். ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்து வைத்தது. ஏழையைப் பார்த்து, "நீ நன்றாகச் சாப்பிடாததால்தான் குணமாகவில்லை" என்று சொல்லும் வாயை அது அடைத்தது.

இதில் உணவுக்கு எதிரான தீர்ப்பு எதுவும் இல்லை. அண்மையில் ஜார்க்கண்டில் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, க்ஷயரோகியின் வீட்டாருக்குத் தானியமும் பருப்பும் கொடுத்தால் அவர்களிடையே புதிதாக அந்நோய் தோன்றுவது வெகுவாகக் குறைகிறது என்று காட்டியிருக்கிறது. பசித்தவனுக்குச் சோறு போடுவது அரசின் கடமை. அதைச் செய்யாமல், பற்றிக்கொண்ட நோய்க்கு ஆகார உபதேசம் செய்வது வேறு காரியம். க்ஷயரோகத்தை நான் இங்கே இழுத்ததற்கு நேரான காரணமும் உண்டு. நம் நாட்டுப் பெண்களின் கருக்குழாயை அடைக்கும் காரணங்களுள் அந்நோயே முக்கியமான ஒன்று. இருமல் இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், மாதவிடாய் சற்றுக் குறைவதைத் தவிர வேறு அடையாளம் காட்டாமல், அது கருக்குழாய்களைத் தின்றுவிடும். அவளுக்கு வேண்டியது பரிசோதனையும், மாதக்கணக்கில் தவறாத மருந்தும். அவளிடம் வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொல்லி அனுப்புகிறார்களே, அவர்கள் செய்வது இன்னதென்று அவர்களுக்குத் தெரியுமா?

எங்கள் தெருவில் ஒரு வீட்டை நான் அறிவேன். மணமாகி நான்காண்டு. அந்தப் பெண் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டப்பாக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதியிருந்தது: கருப்பு உளுந்து, கழற்சிக்காய்ப் பொடி, அரசம்பழத் தூள், மலைவேம்பு, காலை வெறும் வயிறு, மாதவிலக்கு முதல் மூன்று நாள். நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டங்கள். மலைவேம்புச் சாறு தொண்டையில் இறங்காமல் வாந்தியெடுத்துவிட்டு மறுபடியும் குடிப்பாள் என்று அவள் மாமியாரே என்னிடம் பெருமையாகச் சொன்னார். கணவர் காக்களூர் பக்கத்தில் ஒரு வார்ப்பட ஆலையில் உலைக்கு முன்னே நிற்பவர்; கீழுதட்டுக்குள் எப்போதும் ஒரு சிட்டிகை புகையிலை. நல்ல மனிதர், மனைவியை ஒரு சொல் கடிந்தவரல்லர். ஆனால் அந்த நான்காண்டில் அவருக்கு விந்தணுப் பரிசோதனை ஒருமுறைகூடச் செய்யப்படவில்லை. செய்துகொள்ளச் சொன்ன ஒரு மருத்துவரிடம் அதன்பின் அவர்கள் போகவும் இல்லை. "ஆம்பளைக்கு என்னங்க குறை இருக்கப் போவுது?" என்று மாமியார் கேட்டார். கடைசியில் பரிசோதித்தபோது எண்ணிக்கை மிகக் குறைவு, வெரிகோசீல் என்னும் நாளப் புடைப்பும் இருக்கிறது என்று வந்தது. அந்த டப்பாக்களில் ஒன்றாவது அவருக்காக வைக்கப்பட்டதில்லை. வைத்திருந்தாலும் நாளப் புடைப்புக்கு உளுந்து மருந்தாகாது.

பிள்ளையின்மையால் வருந்தும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப்பேரிடத்தில் ஆணின் குறையும் காரணமாகவோ துணைக்காரணமாகவோ இருக்கிறது என்பது மருத்துவ நூல்கள் யாவும் ஒப்பும் விஷயம். விந்தணு உண்டாகும் இடம் உடலின் மற்றப் பாகங்களைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதனாலேயே இயற்கை அதைச் சரீரத்துக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறது. ஒரு விந்தணு முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. அந்தக் காலமெல்லாம் உலையின் அனலில் நிற்பவனுக்கு என்ன நேரும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நம்மவர்கள் பெண்ணின் உடம்புச் சூட்டைப் பற்றி இடைவிடாது பேசுகிறார்கள். மெய்யாகவே சூட்டால் கெடக்கூடியது ஆணுடையது. பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை, மிதமிஞ்சிய மது ஆகிய யாவும் விந்தணுவைக் குறைக்கும். வாழ்க்கை முறையைத் திருத்துவோர் உண்மையிலேயே திருத்தத் தொடங்கினால் டாஸ்மாக் வாசலிலும் பெட்டிக்கடை வாசலிலும் அல்லவா தொடங்க வேண்டும்? முதலில் குறிப்பிட்ட காவியத்தில்கூடப் பாயசம் தேவியர் கைக்கு வருமுன்னர், வேள்விக்குரிய தீட்சை ஏற்று விரதம் காத்தவர்களுள் அரசனும் ஒருவன் என்பதை உபதேசிகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இருதயாலீசுவரர் கோயிலுக்கு இருதய நோயாளிகள் தொலைதூரத்திலிருந்தும் வந்து அர்ச்சனை செய்துகொள்கிறார்கள். பிராகாரத்தில் அவர்களிடம் பேச்சுக் கொடுப்பவர்கள் கேட்பதைக் கவனித்திருக்கிறேன்: எந்த ஆஸ்பத்திரி, ஆஞ்சியோ செய்தாயிற்றா, மாத்திரை தவறாமல் போடுகிறீர்களா? நாற்பதாண்டு புகைபிடித்துத் தம் கையாலேயே நோயை வரவழைத்தவரிடமும் நம் மக்கள் இந்தக் கருணையோடுதான் பேசுகிறார்கள். அது நம் பண்பாட்டின் அழகு. அதே ஊரில், 'என்னைப் பெற்ற தாயார்' என்ற திருநாமத்தோடு தாயார் எழுந்தருளியிருக்கும் பெருமாள் சந்நிதியில் மனமுருகி நிற்கும் பிள்ளையில்லாப் பெண்ணிடம், ஒரு குற்றமும் செய்யாதவளிடம், "என்னத்தைத் தின்றாய்?" என்று கேட்கிறோம். இருதயத்துக்கு உண்டான கருணை கருப்பைக்கு ஏன் இல்லாமற் போயிற்று?

வாழ்க்கை முறை என்ற சொல்லையே நம் வட்டாரத்தில் வாழும் மக்களுக்குப் பிரயோகிப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை; கடையில் சேலை தெரிந்தெடுப்பதுபோல் தெரிந்தெடுக்கப்பட்டது ஒன்று என்ற தோற்றத்தை அது தருகிறது. இரவில் கண்விழிப்பதைப் பெண்கள் விரும்பியா ஏற்றார்கள்? தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு பெண்களை இரவுப் பணிக்கு வைப்பதைத் தடுத்திருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், சமத்துவத்துக்கு விரோதம் என்று அத்தடையை நீக்கியது. அத்தீர்ப்பு நியாயமே, அதைத் தொடர்ந்துதான் ஸ்ரீபெரும்புதூர் வழியில் ஆயிரமாயிரம் பெண்களுக்குச் சொந்தச் சம்பாத்தியம் உண்டாயிற்று. ஆனால் உரிமையைக் கொடுத்த சமூகம், ஷிஃப்டை வாரந்தோறும் மாற்றி மாற்றிப் போடாமலிருப்பதையும், கனம் தூக்கும் வேலையைக் குறைப்பதையும், கருவுற முயலும் பெண்ணுக்குப் பகல் ஷிஃப்ட் கேட்கும் பாத்தியதையையும் கூடவே கொடுக்கவில்லை. அமெரிக்காவில் சிகிச்சைக்கு வந்த பெண்களை ஆராய்ந்தபோது, பகல் தவிர்த்த நேரத்தில் வேலை செய்தவர்களுக்கும் கனமான பொருள்களைத் தூக்கியவர்களுக்கும் முதிர்ந்த கருமுட்டைகள் குறைவாகக் கிடைத்தன. இது திருத்தப்பட வேண்டுமானால் திருத்த வேண்டியது ஷிஃப்ட் அட்டவணையை. அதை எழுதுகிறவர் மேலதிகாரி. நேரத்தோடு படு என்று அந்தப் பெண்ணிடம் சொல்பவர்கள் அவரிடம் போய் ஒருமுறையேனும் சொல்லியிருக்கிறார்களா?

பணியிடம் ஆணையும் கெடுக்கும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1977-இல் கலிபோர்னியாவின் லாத்ராப் என்ற ஊரில், வேர்ப்புழுக்கொல்லி மருந்து தயாரிக்கும் ஆலைத் தொழிலாளர்கள், தங்களில் பலருக்குப் புதிதாகப் பிள்ளையே பிறக்கவில்லை என்பதைத் தங்களுக்குள் பேசிக்கொண்டு கண்டுபிடித்தார்கள். சோதித்ததில் பலருக்கு விந்தணு மிகக் குறைந்தும், சிலருக்கு அறவே இல்லாமலும் இருந்தது. காரணம் டி.பி.சி.பி. என்ற அந்த ரசாயனமே என்று நிரூபணமாகி, 1979-இல் அந்நாட்டில் அதன் உபயோகம் அநேகமாக முற்றிலும் நிறுத்தப்பட்டது. அந்தத் தொழிலாளரின் மனைவியர் அதுவரை எத்தனை உபதேசம் கேட்டிருப்பார்கள்! கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும் ரோலிங் மில்களும் இரவுபகலாக எரிகின்றன. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் பிரிக்கும் தொழிலில் ஈடுபடுவோர் சுவாசிக்கும் ஈயப்புகை விந்தணுவைக் கெடுக்கும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்கத்தக்க தொழில்நோய்களின் அட்டவணையில் ஈய நஞ்சை முதலிடத்தில் வைத்ததும் அதன் கொடுமையை அறிந்துதான். அங்கே வேலைசெய்யும் ஒப்பந்தத் தொழிலாளரில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்ச் சில வாரங்கள் மனைவியோடு இருந்து திரும்புகிறவர்கள். பிள்ளை பிறக்காததற்கு அவன் ஊரில் அவள் பழி சுமப்பாள். அவள் தின்ற சோற்றைப் பற்றி அங்கேயும் பேசுவார்கள்.

இச்சித்தாந்தத்தால் லாபமடைவோர் இருசாரார். பொடியும் லேகியமும் விற்பவர்கள் ஒருசாரார். உணவு கெட்டது, காலம் கெட்டது, மலடு பெருகிவிட்டது என்று பயமூட்டிவிட்டு, லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் செயற்கைக் கருத்தரிப்பு நிலையங்களின் விளம்பரப் பலகைகள் மறுசாரார். ஒருவர் காலத்தைத் தின்கிறார். மற்றவர் நகையையும் மனையையும் தின்கிறார். இடையில் செய்யவேண்டிய எளிய காரியம் செய்யப்படாமலே கிடக்கிறது. ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால், பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது கடந்திருந்தால் ஆறே மாதத்தில், கணவன் மனைவி இருவரும் ஒரேநாளில் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். செலவு குறைந்ததும், ஊசியோ வலியோ இல்லாததும் ஆணின் பரிசோதனையே. அதனால் அதுவே முந்தி நடக்க வேண்டும். அதற்குப்பின் கருமுட்டை, கருக்குழாய், தைராய்டு, க்ஷயம் என்று முறையாகப் பார்க்கலாம். புகையிலையை விடுவதும் மதுவை நிறுத்துவதும் எடையைச் சீர்செய்வதும் சிகிச்சையோடு கூடவே நடக்கட்டும். அவற்றை வாசற்படியாக்கிப் பெண்ணை வெளியே நிறுத்தி வைக்க வேண்டாம்.

கருவுற்ற பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் பதினெட்டாயிரம் ரூபாய் உதவி வழங்கும் அரசு இது. எழும்பூரில் 1844 முதல் பிரசவம் பார்த்துவரும் மருத்துவமனையில் அண்மையில் செயற்கைக் கருத்தரிப்பு மையமும் தொடங்கியிருக்கிறது. ஆனால் திருநின்றவூரிலிருந்தும் ஊத்துக்கோட்டையிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் நாட்கூலியை இழந்து எழும்பூர் வரை எத்தனை முறை வந்துபோக முடியும்? 2022 முதல் நம் மாவட்டத் தலைநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கே வாரத்தில் இருநாள், மாலை ஆறு மணிக்கு மேல், ஷிஃப்ட் முடித்து வருபவர்களுக்காகத் தம்பதியர் பரிசோதனைப் பிரிவு ஒன்று திறக்க வேண்டும். விந்தணுப் பரிசோதனை அங்கே கட்டணமின்றி நடக்க வேண்டும். உலையிலும் ஈயத்திலும் வேலை செய்வோருக்குத் தொழிற்சாலை நிர்வாகங்கள் ஆண்டுதோறும் நடத்தும் உடல் பரிசோதனையில், விரும்புகிறவர்களுக்கு அதையும் சேர்க்க வேண்டும். பெயர் பதியும் சீட்டில் முதல் வரி கணவனுடையதாக இருக்கட்டும்.